மங்கிய விளக்கும் குருந்தக் கல்லும்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் நெடுஞ்சாலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் பயணம் செய்திருக்கிறீர்களா? பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு விரையும் சரக்கு லாரிகள் நடுச்சாலையை எடுத்துக்கொள்ளும். ஓரத்தில், காலணித் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து சைக்கிளிலும் மொபெட்டிலும் ஊர் திரும்பும் தொழிலாளர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு ஓர் இரவு, மாதனூரைத் தாண்டி வரும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவரை மிக அருகில் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். வண்டியைத் திருப்பிவிட்டேன்; அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலை வண்டியின் முன்னால் நின்று பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பல்புகள் புதியவை, மின்கலமும் நன்றாகத்தான் இருந்தது. முகப்பு விளக்குகளின் மேல்மூடிதான் புரை விழுந்த கண்போல மஞ்சளித்து மங்கிக் கிடந்தது. கல்லூரியில் ஆண்டுதோறும் ஒளியியல் பாடம் நடத்துகிறவன், தன் வண்டியின் விளக்கை இப்படி விட்டிருந்தான் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாளித் தண்ணீர் எடுத்து விளக்கைக் கழுவினேன். ஈரமாக இருந்தவரை மூடி பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பல்பின் கம்பிச் சுருளைக்கூடப் பார்க்க முடிந்தது. வெயிலில் ஐந்து நிமிடம் உலர்ந்ததும் பழையபடி பனி மூடிக்கொண்டது. நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். ‘அழுக்கு சரியாகப் போகவில்லை’ என்று மீண்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தும் இருப்பீர்கள். அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. தண்ணீர் இங்கே கழுவியதைவிட நிரப்பியதே அதிகம்.

ஒளி ஊடுருவும் பொருளின் பரப்பு சமமாக இருந்தால் ஒளிக்கதிர் ஒழுங்காக வெளியேறும். பரப்பில் மேடும் பள்ளமும் இருந்தால், மேட்டின் வழியே வரும் ஒளியலை, பள்ளத்தின் வழியே வரும் அலையைவிடச் சற்றுப் பிந்திவிடும். எவ்வளவு பிந்தும்? மேட்டின் உயரத்தை, பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள வேற்றுமையால் பெருக்கினால் விடை கிடைக்கும். இன்றைய கார் விளக்கு மூடிகள் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் எண் 1.59. காற்றுக்கு 1. ஆகவே வேற்றுமை 0.59. கீறலில் தண்ணீர் நிரம்பினால், தண்ணீரின் எண் 1.33 ஆகையால், வேற்றுமை 0.26 ஆகக் குறைகிறது. மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்கும்போது, சிதறிப்போகும் ஒளி இந்த வேற்றுமையின் இருபடிக்கு ஏற்ப மாறும். அதன்படி, வெறும் நனைத்தலால் சிதறல் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் எண் சுமார் 1.45. அதைத் தடவினால் சிதறல் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கு! கார் கீறல்கள் இந்தக் கணக்குக்குச் சற்றுப் பெரியவைதாம். ஆனாலும் போக்கு இதுவே.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விளக்கைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலாலும் தடவிப் பார்ப்பது நல்லது என்று இங்கேயே சொல்லி வைக்கிறேன். எண்ணெய் ஒரு வாரம் தாங்கும். பிறகு ஒரு மழை போதும்.

என் விளக்கில் இன்னொன்றையும் கவனித்தேன். நனைத்தபோது பனி விலகியதே தவிர, மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. ஆக, நோய்கள் இரண்டு. ஒன்று பரப்பின் கரடு. மற்றது பொருளுக்குள் இறங்கிய நிறம். மஞ்சளைப் பிறகு பார்ப்போம். முதலில் கரட்டை எடுத்துக்கொள்வோம். கீறலை எப்படிப் போக்குவது? கீறித்தான் போக்கவேண்டும்! பெரிய கீறலைச் சிறிய கீறல்களால் அழித்து, அவற்றை இன்னும் சிறிய கீறல்களால் அழித்து, கடைசியில் ஒளியின் கண்ணுக்கே தென்படாத கீறல்களில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மெருகு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கரடு இதைவிட மிகச் சிறிதாகும்போது பரப்பு ‘பளபள’ என்கிறோம்.

இந்தக் கலையில் நம் நாட்டுக்குப் பழைய பங்கு ஒன்று உண்டு. அதன் சாட்சி ஆங்கில அகராதியில் இருக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடிக் கடினமான இயற்கைக் கனிமத்தை உலகம் முழுவதும் ‘கொரண்டம்’ என்று அழைக்கிறார்கள். அது நம் ‘குருந்தம்’தான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம் அது. சிறிது குரோமியம் கலந்து தெளிவாக அமைந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். கலங்கலாக, அழகின்றிக் கிடைக்கும் குருந்தத்தைப் பொடித்து, அரக்கில் குழைத்து, வட்டமாக வார்த்துச் சாணைக்கல் செய்தார்கள் நம்மவர்கள். மணிகளுக்குப் பட்டை தீட்டியதும், வாளுக்கும் கத்திக்கும் சாணை பிடித்ததும் அதில்தான். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதி இந்தக் கல்லுக்குப் பெயர்பெற்றது. (அதே வட்டாரத்துப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 ஊர்தியின் சோதனைக்கு நிலா மண்ணைப்போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்துக்கொண்டது என்பது வேறு கதை.)

இந்தியாவிலிருந்து சென்ற இந்தக் கல்லைப் பற்றி சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் விரிவான கட்டுரை ஒன்று எழுதினார். ஐரோப்பிய அறிவியலில் குருந்தம் நிலையான இடம் பெற்றது அதன் பிறகே. சரியாக நூறாண்டுக்குச் சற்று முன்பின்னாக, 1891-இல், அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கல்கரியையும் சேர்த்து அவற்றினூடே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினார். மின்னும் சிறு படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்கு ‘கார்பொரண்டம்’ என்று பெயர் வைத்தார். எண்ணம் தவறு; அது சிலிக்கன் கார்பைடு. குருந்தம் அதில் ஒரு துளியும் இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. 1954-இல் சென்னையில் ‘கார்பொரண்டம் யுனிவர்சல்’ நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அந்தத் தமிழ்ச் சொல் கடல் சுற்றி, வால் முளைத்து, ஊர் திரும்பியது எனலாம்.

உப்புத்தாள் என்று நாம் சொல்லும் தேய்ப்புத்தாளின் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. மரவேலைக்கு உகந்த பழைய தாள் தண்ணீர் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ தூள் பறக்கும், தாளின் பற்களிடையே அடைத்துக்கொள்ளும், சூடும் ஏறும். பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர் தண்ணீருக்கு அசையாத தாளைக் கண்டுபிடித்தார். 3எம் நிறுவனம் அவரிடமிருந்து உரிமை பெற்று 1921-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்களுக்கு வர்ணம் பூசும் பட்டறைகளே அதை முதலில் வாரிக்கொண்டன. இன்று எந்த டிங்கரிங் பட்டறைக்குப் போனாலும் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டால் கறுப்புத் தாள் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அந்தக் கறுப்பு, அச்சிசனின் சிலிக்கன் கார்பைடு. தாளின் எண் கூடக் கூட மணல் பொடியாகும். 800-ஆம் எண் தாளில் துகளின் அளவு சுமார் 22 மைக்ரான். 2000-ஆம் எண்ணில் சுமார் 10 மைக்ரான். துகளின் அளவுக்கே கீறல் ஆழமாக விழாது. அதில் ஒரு சிறு பங்குதான் விழும். ஆனாலும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது பள்ளத்தாக்கு. தாளோடு நின்றால் விளக்கு பால்போல வெளுத்திருக்குமே தவிரத் தெளியாது.

அப்படியானால் கடைசிக் கட்டத்தில் உண்மையில் நடப்பது என்ன? இந்தக் கேள்வி முந்நூறு ஆண்டுகளாக அறிஞர்களைப் படுத்தியிருக்கிறது. நியூட்டன் 1668-இல் தம் எதிரொளிப்புத் தொலைநோக்கிக்காக உலோக ஆடி ஒன்றைத் தாமே தேய்த்தார். மென்மையான கீலின் மேல் வெள்ளீய ஆக்சைடுப் பொடியைத் தூவி அதில் ஆடியைத் தேய்த்த விதத்தை 1704-இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் விவரித்திருக்கிறார். பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நுண்ணிய கீறல்; கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிட்டால் அதுவே மெருகு என்பது அவர் கருத்து. சற்று முன்பு நான் உங்களுக்குச் சொன்னதும் அதுவே.

1901-இல் ரேலி பிரபு இதை மறுத்தார். கரடான கண்ணாடியை மெருகேற்றும்போது இடையிடையே நிறுத்தி நுண்நோக்கியில் பார்த்தார் அவர். நியூட்டன் சொன்னதுபோல் கரடு படிப்படியாகப் பொடியாவதாகத் தெரியவில்லை. மேடுகளின் உச்சியில் சிறு சிறு திட்டுகள் தோன்றின. தோன்றியபோதே அவை முழு மெருகோடு இருந்தன. நேரம் ஆக ஆகத் திட்டுகள் விரிந்தன, அவ்வளவே. ஆகவே மெருகேற்றும்போது பொருள் ஏறத்தாழ மூலக்கூறு மூலக்கூறாகவே கழிகிறது என்றார் ரேலி. ஜார்ஜ் பெயில்பி என்பவர் வேறொன்று சொன்னார். தேய்க்கும்போது மேற்பரப்பு திரவம்போல வழிந்து கீறல்களின் மேல் ஒரு தோலாகப் படிகிறது என்றார். மெருகேறிய பரப்பை அமிலத்தால் அரித்தபோது, மறைந்த கீறல்கள் மறுபடி வெளிப்பட்டதை அவர் காட்டினார். தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயில்பியின் பக்கம் வலுச்சேர்த்தவர்கள் கேம்பிரிட்ஜின் பவுடனும் ஹியூசும். 1937-இல் அவர்கள் காட்டிய சோதனை வியப்பானது. மெருகேற்றும் பொருள் கடினமாக இருக்கவேண்டும் என்பதில்லை. அதன் உருகுநிலை உயர்ந்திருந்தால் போதும் என்றார்கள். நம் வீட்டுக் கற்பூரத்தைச் சேர்ந்த மென்மையான பொருள், 70 பாகை செல்சியசில் உருகும் வுட் உலோகக் கலவைக்கு மெருகேற்றியது! பின்னாளில் உலோகங்களைப் பொறுத்தவரை பெயில்பியின் ‘தோல்’ பெரும்பாலும் கைவிடப்பட்டது. நுண்ணிய வெட்டுதலே நடக்கிறது என்று சாமுவேல்ஸ் என்ற அறிஞர் காட்டினார். கண்ணாடியிலோ வேதியியலும் கலந்துகொள்கிறது. இன்று கண்ணாடிக்கு மெருகேற்றச் சிறந்த பொடி சீரியம் ஆக்சைடு. அது கண்ணாடியின் சிலிக்காவோடு கணநேரம் பிணைப்பு ஏற்படுத்தி, அதைப் பற்றி இழுத்துவிடுகிறது என்று லீ குக் 1990-இல் விளக்கினார். அந்தச் சீரியம், 1909-இல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த மோனசைட் மணலில் நிறையவே இருக்கிறது. நியூட்டனா, ரேலியா, பெயில்பியா என்றால், பொருளைப் பொறுத்து மூவரும் சிறிது சிறிது சரி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். என் மாணவர்கள் இந்த விடைக்கு எனக்கு மதிப்பெண் தரமாட்டார்கள்.

மெருகின் உச்சத்தைப் பார்க்க நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வருகிறது. வைணு பாப்பு இங்கே 1968-இல் தொடங்கிய வானாய்வகத்தின் முதல் தொலைநோக்கி, கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. கருவி. பின்னர் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்வதென்று அவர் துணிந்தார். ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் பொறுப்பு ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் ஒளியியல் கூடத்தில் நடந்தது. கார் விளக்குக்குப் பளபளப்பு இருந்தால் போதும். தொலைநோக்கி ஆடிக்கு அதனோடு வடிவமும் வேண்டும். இரண்டே கால் மீட்டருக்கு மேல் அகலமான பரப்பு முழுவதும், ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பின்னத்துக்கு மேல் எங்கும் பிசகாமல் பரவளைய வடிவில் அமையவேண்டும். தேய்ப்பது, சோதிப்பது, சூடு ஆறக் காத்திருப்பது, மறுபடியும் தேய்ப்பது என்று ஆண்டுக்கணக்கில் அது நீண்டது. 1982-இல் பாப்பு காலமானார். தொலைநோக்கியின் திறப்பு விழாவை அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். பாப்புவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

அந்த ஆடியைப் பற்றி ஒன்று நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும். அத்தனை ஆண்டு உழைத்து மெருகேற்றிய கண்ணாடி, தானாக ஒளியை நன்றாகத் திருப்பிவிடாது. அதன்மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி மிக மெல்லிய படலமாகப் படியச் செய்கிறார்கள். காற்றும் ஈரமும் பட்டுப் படலம் மங்கும்போது, அதைக் கழுவி எடுத்துவிட்டு மீண்டும் பூசுகிறார்கள். கண்ணாடி நிலைத்திருக்கும், பூச்சு வந்து போகும்.

இனி காருக்கு வருவோம். மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் கார்பைடில் தண்ணீர் சொட்டி எழும் அசிட்டிலின் வாயுவே முகப்பில் எரிந்தது. பிறகு மின்விளக்கு வந்தது. 1940-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்காவில் விளக்கு, பிரதிபலிப்பான், மூடி மூன்றையும் ஒரே கண்ணாடிக் கூடாக ஒட்டி மூடிய ‘சீல்டு பீம்’ கட்டாயமாயிற்று. 7 அங்குல வட்டம். நம் அம்பாசடர் காரின் உருண்டை முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிகளில் வரிவரியாகப் பட்டைகள் இருக்கும். ஒளியைச் சாலையின் அகலத்துக்கு விரிப்பது அவற்றின் வேலை. அக்காலத்து வண்டிகளில் விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க. சிறு வயதில் அது திருஷ்டிப் பொட்டு என்றே நான் நம்பியிருந்தேன்.

கண்ணாடி கனமானது; கல் பட்டால் உடையும்; நினைத்தபடி வளைக்கவும் முடியாது. 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆண்டில் பாலிகார்பனேட்டைக் கண்டனர். ஃபாக்ஸின் குடுவையில் அது கெட்டிப்பட்டுக் கலக்கும் கோலைப் பிடித்துக்கொண்டதாம். குடுவையை உடைத்து எடுத்த கட்டியைச் சுத்தியலால் அடித்தும் உடைக்க முடியவில்லை என்று கதையாகச் சொல்வார்கள். அப்போலோ விண்வெளி வீரர்களின் குமிழித் தலைக்கவசம் இந்தப் பொருளால் ஆனது. 1982-இல் வந்த குறுந்தட்டும் இதுவே. 1983-இல் அமெரிக்கா விளக்கு விதிகளைத் தளர்த்தியதும், அடுத்த ஆண்டு மாடலாக வந்த லிங்கன் கார் ஒன்று பிளாஸ்டிக் மூடிய விளக்கோடு சாலைக்கு வந்தது. தொண்ணூறுகளில் ஐரோப்பா பின்தொடர்ந்தது. பிறகு நம் சாலைகளும்.

சுத்தியலுக்கு உடையாத பொருள், மணலுக்கு எளிதில் கீறும். உறுதி வேறு, கடினம் வேறு. வெயிலோ அதற்கு இன்னும் கொடிய பகை. புறஊதாக் கதிர் பட்டால் பாலிகார்பனேட்டின் மூலக்கூற்றுச் சங்கிலியில் அணுக்கள் இடம் மாறிக்கொள்கின்றன. ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, நீல ஒளியை விழுங்கும் சேர்மங்கள் பிறக்கின்றன. நீலம் போனால் எஞ்சுவது மஞ்சள். முன்பு சொன்ன இரண்டாம் நோய் இதுதான். இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே மூடியின்மேல் சில மைக்ரான் கனத்தில், கடினமான, புறஊதாவைத் தடுக்கும் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். வேலூர் வெயிலில் பத்தாண்டு நின்றால் அந்தப் பூச்சு வெடித்து, உரிந்து, திட்டுத்திட்டாகப் போய்விடும். அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் சோதித்தபோது, மஞ்சளித்து மங்கிய விளக்குகள் புதியவை தரும் ஒளியில் 20 சதவீதமே தந்தன. தேய்த்துப் புதுப்பித்தவை சுமார் 70 சதவீதம் தந்தன. குறைந்த ஒளி எங்கே போகிறது? ஒரு பகுதி வெப்பமாகிறது. ஒரு பகுதி மேலேயும் பக்கத்திலும் சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் போய் விழுகிறது.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு ஞாயிறு காலை வேலையில் இறங்கினேன். சுற்றியுள்ள வர்ணத்தில் கீறல் விழாதிருக்க ஒட்டுநாடா ஒட்டினேன். 800-ஆம் எண் தாளில் தொடங்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தேன். பாலாக வடிந்த நீர் முதலில் மஞ்சளாக இருந்தது. அது வெளுக்கும்வரை விடவில்லை. பிறகு 1000, 1500, 2000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினேன். முதலில் கிடையாக என்றால் அடுத்து நெடுக்காக. முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட எஞ்சவில்லை என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. தொலைநோக்கி ஆடி தேய்ப்பவர்களும் ஒரு பொடியிலிருந்து அடுத்த பொடிக்கு இப்படித்தான் எண்ணிப் போகிறார்கள். கடைசியில் அலுமினா கலந்த பாலிஷ் பசையைப் பஞ்சுத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். நம் குருந்தம்தான், மாவாக. சீரியம் ஆக்சைடு கண்ணாடிக்கே உரியது. பிளாஸ்டிக்கில் அதன் வேதியியல் வித்தை பலிக்காது. பற்பசை தேய்க்கச் சொல்வார்கள். அதிலும் நுண்ணிய பொடி இருப்பதால் இலேசான மங்கலுக்கு உதவும். உரிந்த பூச்சை அது என்ன செய்யும்?

எச்சரிக்கைகள் சில. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதையும் பாலிகார்பனேட்டில் தொடவிடாதீர்கள். உள்ளழுத்தம் இருக்கும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிடும். மின் இயந்திரத்தால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள்; 147 பாகை செல்சியசை எட்டினால் அது இளகும். ‘ஆவி பிடிக்கும்’ முறை என்று கரைப்பான் ஆவியைக் காட்டி நொடியில் பளபளக்கச் செய்வார்கள். பெயில்பியின் ‘தோல்’ இங்கே உண்மையாகவே நடக்கிறது. மேற்பரப்பு கரைந்து வழிந்து சமமாகிறது. அந்த ஆவி மூச்சுக்கு நஞ்சு. வீட்டில் வேண்டாம்.

மதியத்துக்குள் இரண்டு விளக்குகளும் புதுக் காரின் விளக்குகளாகிவிட்டன. பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாய் வந்து பார்த்தார். முப்பது ஆண்டுகளாகத் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் மேஸ்திரியாக இருப்பவர்.

“நல்லா வந்திருக்கு சார். மேலே என்ன போடப்போறீங்க?”

“என்ன போடணும் பாய்? இதோட முடிஞ்சுதே.”

“பஃபிங் பண்ணின தோலை டாப் கோட் போடாம யாராவது அனுப்புவாங்களா சார்?”

அவர் தொழிலில் இது அரிச்சுவடி. முள் கீறியதும் உண்ணி கடித்ததுமாகத் தழும்பு விழுந்த தோலின் மேற்பரப்பை இயந்திரத்தில் தேய்ப்புத்தாள் கொண்டு இலேசாகச் சீவிவிடுவார்கள். தழும்பு போகும். கூடவே தோலின் இயற்கையான மேல்படலமும் போய்விடும். அப்படியே விட்டால் தண்ணீரை உறிஞ்சும், கறை பிடிக்கும். அதனால் அதன்மேல் நிறப்பூச்சும், எல்லாவற்றுக்கும் மேல் தெளிந்த லாக்கரும் அடிப்பார்கள். உங்கள் பள்ளிக்கூடக் கறுப்புக் காலணியின் பளபளப்பு பெரும்பாலும் அந்த லாக்கரின் பளபளப்பே. நான் செய்ததோ, இருந்த அரைகுறைப் பூச்சையும் சீவி எறிந்துவிட்டு, வெறும் பாலிகார்பனேட்டை வேலூர் வெயிலுக்கு நீட்டியது. காவலூரின் ஆடியைப் பற்றி வகுப்பில் பத்து முறை பேசியவனுக்கு இது தோன்றவில்லை.

புறஊதாவைத் தடுக்கும் தெளிபூச்சு, கார் வர்ணக் கடைகளில் தெளிப்பு டப்பாவாகக் கிடைக்கிறது. கெட்டியாக்கி கலந்த இரட்டைக் கலவை வகை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருப்பதால் உரிய முகமூடியோடு, திறந்த வெளியில், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டே அடிக்கவேண்டும். பூசுமுன் பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தவேண்டும். பாய் அடிக்கச் சொன்னபடி, கனமாக ஒரு தடவைக்குப் பதில் மெல்லியதாக மூன்று தடவை அடித்தேன். இடப்பக்க விளக்குக்கு நன்றாக அமைந்தது. வலப்பக்கம் முதல் தடவை பாதியில் நிற்கும்போதே டப்பா தீர்ந்துவிட்டது. அடித்ததைத் துடைத்தெடுத்துவிட்டு, ‘சரி, ஒப்பிட்டுப் பார்க்க உதவும்’ என்று அதை வெறுமனே விட்டேன். ஆசிரியர் புத்தி.

ஓர் அக்கினி நட்சத்திரமும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. சென்ற வாரம் மாணவர்கள் இருவர் வந்து, இருட்டிய பின் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி ஒளிமானியால் அளந்தார்கள். இடப்பக்கம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வலப்பக்கத்தின் ஒளி நன்றாகவே குறைந்திருக்கிறது. சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பும் கலைந்து தெரிகிறது. விரலால் தடவினால் மெல்லிய சொரசொரப்பு. மஞ்சளும் எட்டிப்பார்க்கிறது. பாய் திண்ணையிலிருந்தே பார்த்துவிட்டு, “அந்தப் பக்கத்தையும் முடிச்சிடுங்க சார், ராத்திரியிலே ரோட்டிலே ஆளு நடக்குது” என்றார். டப்பா வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 1000-ஆம் எண் தாளிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.